காதர் பாய் தைத்த கையேடு

ஒஹையோவில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைதோறும் தபாலில் ஒரு தடித்த உறை வரும். உள்ளே கொஞ்சம் புதுத் தாள்களும், எந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு எதை வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய கணினியை ஓட வைக்கும் சிஸ்டம்ஸ் புரோகிராமர்கள் நாங்கள். எங்களுக்கு அலமாரி நிறையக் கையேடுகள் உண்டு. எதுவும் தைத்ததில்லை, எல்லாம் இரும்பு வளையத்தில் கோத்த தாள்கள். வளையத்தைத் திறந்து, பழைய தாளை உருவிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைக் கோக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் அது என் வேலை. முதல் திங்களன்று ஒரு தாள் நழுவி விழுந்து என் கால் பட்டுவிட்டது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறுநாள் என் மேசையில் கண் சொட்டுமருந்து இருந்தது. பக்கத்து இருக்கை கேரன் வாங்கி வைத்தது. "தூசியா?" என்று கேட்டார். விளக்கத் தெம்பில்லாமல் ஆமாம் என்று சொல்லி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். பழைய தாள்களைக் குப்பையில் போட மட்டும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் என் மேசை இழுப்பறையில் சேர்த்துவைத்தேன்.

என்னிடம் சொந்தமாகவும் ஒரு கையேடு இருந்தது. கணினி ஓடாமல் நின்றுபோனால் திரையில் ஒரு குறியீடு காட்டும். அதற்கு என்ன பொருள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கையேடு அது. மெட்ராஸில் நான் இருந்த அலுவலகத்தில் பழசு என்று கழித்ததைக் கேட்டு வாங்கியிருந்தேன். வளையம் இல்லை, தாள்கள் மட்டும்தான். அமெரிக்க வேலைக்கு நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. தாள்கள் பஸ்ஸில் பறந்துவிடுமே என்று, கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுப் பக்கம் பைண்டிங் கடை வைத்திருந்த காதர் பாயிடம் கொடுத்தேன். காலிகோ துணி ஒட்டி, கெட்டி அட்டை போட்டு, முதுகில் என் பெயரைப் பொன்னெழுத்தில் பதித்துத் தந்தார்.

"கோர்ட்டு கட்டு மாதிரி தெச்சிருக்கேங்க. இனிமே எவன் வந்தாலும் ஒரு தாளு உருவ முடியாது."

உருவுவதற்காகவே செய்த புத்தகம் அது என்பது அவருக்குத் தெரியாது. மெட்ராஸ் அலுவலகத்துக்குப் புதுத் தாள் வந்ததே இல்லை என்பதால் எனக்கும் தெரியாது.

அதைப் படிப்பதற்காக வெள்ளிமலையில் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். திங்கட்கிழமை மெட்ராஸில் நேர்காணல். சனிக்கிழமை ஜீப்பில் மலையிறங்கினால், கச்சிராயபாளையம் தாண்டி ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் தொடங்கியிருந்தது. மரத்தின் மேல் கோடாலியோடு நின்றவர் முருகேசன் அண்ணன், என் பெரியப்பா மகன். பி.ஏ. முடித்து ஆறு வருஷமாக அரசு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவர்.

"எங்கடா போய்க்கினு இருக்க?"

"மெட்ராஸுக்குண்ணா. திங்கக்கெழம வேலைக்குக் கூப்புட்டு இருக்காங்க."

"வேலக்கிதான்டா நாங்களும் வெட்டிக்கினு இருக்கோம். ஒனக்கும் சேத்துதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோடாலியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார். என்னைப் பின்னால் ஏற்றி உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் மிதித்தார். வழியெல்லாம் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் நான் சைக்கிளைத் தூக்குவேன்; அவர் புத்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு தாண்டுவார். தன் ஆட்கள் வெட்டிய மரத்தில் இரண்டு முறை முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் போலீஸ் காவலோடு கிளம்பிய லாரி ஒன்றில் என்னை ஏற்றிவிட்டு, திரும்ப மறியலுக்குப் போனார்.

நேர்காணலில் ஒரு குறியீட்டைச் சொல்லி அர்த்தம் கேட்டார்கள். அந்த ஒரு வாரம் மனப்பாடம் செய்ததெல்லாம் லாரியில் கொட்டிவிட்டிருந்தது. "புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று காலிகோ அட்டையைத் திறந்தேன். எதிரில் இருந்தவர், எனக்கு முன் வந்த எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள், பாதிப் பேர் தப்பாகச் சொன்னார்கள் என்றார். வேலை கிடைத்தது.

அந்த வேலை ஒஹையோவில் நான்காம் மாதமே போகப் பார்த்தது. ஒரு காலை, கணினி ஒரு குறியீட்டைக் காட்டிவிட்டு அசையாமல் நின்றுவிட்டது. எங்கள் நிறுவனக் கிடங்கு வாசலில் லாரிகள் சரக்குச் சீட்டுக்காக வரிசை கட்டின. மேலாளர் வளையக் கையேட்டைப் பிரித்தார். அந்தக் குறியீடு இருக்க வேண்டிய தாளைக் காணோம். தாள் மாற்றுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. வேலை போனால் விசாவும் போகும். பையிலிருந்து காதர் பாய் தைத்த புத்தகத்தை எடுத்தேன். அந்தத் தாள் அப்படியே இருந்தது. அதில் சொன்னபடி செய்ததும் கணினி ஓடியது. மேலாளர் என் முதுகில் தட்டி, பழசைப் பத்திரமாக வைத்திருக்கும் பழக்கம் நல்லது என்றார். சாயங்காலம் இழுப்பறையைக் கிளறினேன். காணாமல் போன புதுத் தாள், நான் குப்பையில் போடாமல் சேர்த்துவைத்த பழைய தாளோடு ஒட்டிக்கொண்டு அங்கே கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

போன மாதம் முருகேசன் அண்ணன் கடிதம் போட்டிருந்தார். "நாம கேட்டது கெடச்சிடிச்சி. எனக்குதான் வயசு தாண்டிடிச்சி. பரவால்ல, பையனுக்கு ஆவும். அந்த பொஸ்தகத்த வச்சிக்கினு இருக்கியா?" அவர் எனக்கும் சேர்த்து வெட்டினார். தாண்டி வந்தது நான் மட்டும்தான். கடிதத்தை மடித்து, அன்று கணினியைக் காப்பாற்றிய பக்கத்தில் வைத்தேன்.

நேற்று கேரன் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். முதுகை வெட்டித் துளை போட்டு வளையத்தில் கோத்துவிட்டால், அதிலும் புதுத் தாள் மாற்றலாமே என்று அக்கறையோடு ஒரு கத்தியைக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். காதர் பாயின் நூல் இன்னும் இற்றுப்போகவில்லை. இன்று திங்கள், உறை வந்திருக்கிறது. மேசையில் ஒரு பக்கம் உறை, ஒரு பக்கம் புத்தகம், நடுவில் கத்தி. உறையை மட்டும் அதைக் கொண்டு பிரித்தேன்.