பாதிக் கார்

தலையில் களிமண் இருந்தால் திட்டுவார்கள். கையில் இருந்தால் சம்பளம் கொடுப்பார்கள். இதைச் சொல்லிச் சிரித்தபடியே அந்தக் கார் கம்பெனியில் காலம் தள்ளியவள் களிமண் அக்கா. கம்ப்யூட்டரில் வரைந்த காரை, நிஜ அளவில் களிமண்ணில் செய்து காட்டுவது அவள் வேலை. சூடாக்கிய மண்ணை அப்புவாள், சுரண்டுவாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள்.

அந்த வருஷம் அவள் கைக்கு வந்தது, இன்னும் ஒரு தலைமுறை கழித்து ஓடப்போகிற பந்தயக் காரின் முன்மாதிரி. மீன் என்பதா வண்டி என்பதா என்று சொல்ல முடியாத உருவம். ஓட்டுகிறவர் ஏறக்குறைய படுத்துக்கொள்ள வேண்டும்; உடம்பை ஒட்டி இருக்கை, மேலே கண்ணாடி மூடி. விரல் நுழைய இடம் கிடையாது. அதை ஓட்டிக் காட்டப்போகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி, அதே கம்பெனியில் சோதனை ஓட்டுநர். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

அங்கே ஒரு வழக்கம். முழுக் காரையும் மண்ணில் செய்யமாட்டார்கள். இடது பாதியை மட்டும் செய்து, நடுவில் பெரிய கண்ணாடியை நிறுத்திவிடுவார்கள். பாதி மண், பாதி பிம்பம், முழுக் கார் தயார். மறுபாதியைக் கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டு உண்டாக்கிக்கொள்ளும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய யாருக்குப் பைத்தியம்? அப்படித்தான் தம்பியின் இடது தோளையும் இடுப்பையும் முழங்காலையும் அளந்து, இருக்கையை இழைத்தாள்.

அவன் வலது தோள் வேறு கதை. விடுமுறையில் பைக்கிலிருந்து விழுந்து, எலும்பு கோணலாகக் கூடிப் புடைத்திருந்தது. கம்பெனிக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அக்காவும் தம்பியும் மூச்சு விடவில்லை. அந்தத் தோளுக்கு மருந்து தடவியவளே அவள்தான். ஆனாலும் மாதக்கணக்கில் பாதி உடம்பையே பார்த்துப் பழகியவளுக்கு மறுபாதி சுத்தமாக மறந்துபோயிற்று. கண்ணாடிக்குள் இருந்ததும் நல்ல தோள்தானே.

கார் உருவாகி வந்த காலையில் தம்பி உள்ளே இறங்கிப் படுத்தான். மூடியை இறக்கினார்கள். வலது பக்கம் தட்டி நின்றது. மறுபடி அழுத்தினார்கள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான்.

அக்காவுக்கு அப்போதுதான் அந்தத் தோள் நினைவுக்கு வந்தது.

"எங்க இடிக்குது?" என்று குனிந்தார் தலைமை வடிவமைப்பாளர்.

அவன் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "என் தப்பு சார். வலது பக்கத்துல மண்ணைக் கொஞ்சம் கூடுதலா அப்பிட்டேன். என் வேலை போனாலும் பரவால்ல, அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் நிமிர்ந்து அவளை நிதானமாகப் பார்த்தார்.

"வலது பக்கம்னு ஒண்ணை நாம மண்ணுல செய்யவே இல்லையேம்மா."

அவர் பார்வை அவளை விட்டு நகர்ந்து தம்பியின் தோளில் போய் நின்றது. காப்பாற்றப் போன வாயே காட்டிக்கொடுத்துவிட்டதே என்று அவளுக்கு உறைத்தது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா?

"விடுக்கா," என்றான் தம்பி. எழுந்து உட்கார்ந்து, உடுப்பின் ஜிப்பை இறக்கித் தோளைக் காட்டினான். "விழுந்துட்டேன் சார். எலும்பு கோணலா சேர்ந்துடுச்சு. அக்கா வேலையில குத்தம் இல்ல."

சாயங்காலம், அவன் உயரமும் அவன் உடல்வாகும் உள்ள இன்னொரு ஓட்டுநரை வரவழைத்துப் படுக்க வைத்தார்கள். மூடி சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. எல்லோரும் அக்காவைப் பார்த்துக் கை தட்டினார்கள்.