ஜன்னலுக்கு எதிரே ஒரு திடல்

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு அரசாங்க வீடு எடுக்க இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று, நகர நடுவில் தேக்காவில், என் மனைவி வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் பக்கம். இன்னொன்று தீவின் மேற்குக் கோடியில், ஜூரோங்கில் மூன்றாம் மாடி. எதிரே பெரிய காலித் திடல். ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானம் விடுவது என் பொழுதுபோக்கு. அதனால் ஜூரோங்குக்கே கையெழுத்துப் போட்டேன். மனைவி தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள்.

இந்த ஊரில் காலி நிலம் என்றால் அடுத்த அடுக்குமாடி புளோக் வரப்போகிறது என்று அர்த்தம். எனக்குத்தான் அது தோன்றவில்லை. இரண்டே வருடத்தில் வேலி போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த ஓரத்தில் பிடிவாதமாக விமானம் விட்டேன். ஒரு ஞாயிறு, காற்று அதை எங்கள் புளோக் பக்கம் தள்ளியது. மனைவி ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த, துணி காயப்போடும் கழியில் மோதி, கழியோடும் அதில் காய்ந்த சேலையோடும் கீழே விழுந்தது. நல்லவேளை, கீழே யாருமில்லை. பதறி மேலே ஓடினேன்.

“எனக்கு ஒண்ணும் ஆகலை லா. அந்தச் சேலையை எடுத்துட்டு வாங்க, நாளைக்கு வேலைக்குக் கட்டணும்,” என்றாள்.

அடுத்த நாளே விண்ணப்பம் போட்டு, காத்திருந்து, தேக்கா பக்கம் வீடு மாறினோம். இப்போது அவள் கடைக்கு நடந்தே போகிறாள். ஞாயிறுதோறும் விமானத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, இன்னும் காலித் திடல் மிச்சமிருக்கும் கிராஞ்சிக்குப் போவது நான்தான். பஸ்ஸில் உட்கார இடமே கிடைப்பதில்லை. ஜூரோங்கிலிருந்து வேலைக்குப் போய்வந்த அத்தனை வருடத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை.