பிரஸ் வேன் கூரை

காலையிலிருந்து கைப்பேசி சும்மா இருக்க விடவில்லை. தேர்தல் வந்துவிட்டது. வேட்பாளர் குழந்தையைக் கொஞ்சுகிறார், வேட்பாளர் டீக்கடையில் வடை சுடுகிறார். எல்லாம் கட்சியே ஆள் வைத்து எடுத்து, கட்சியே பொறுக்கி, பத்திரிகைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்கள். ஒன்றிலாவது யாராவது அவரை முறைக்க வேண்டுமே! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மேசையைத் தட்டினேன்.

"அந்த மேசை உங்கள என்ன பண்ணுச்சி?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

மேசை ஒன்றும் பண்ணவில்லை. தகர மேசை, பழைய வேன் கூரை போலச் சத்தம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நெய்வேலியில் ஒரு நாளிதழுக்கு நான் படம் எடுத்த காலத்தில், பிரசாரத்துக்கு 'பிரஸ் வேன்' என்று ஒன்று உண்டு. பெயர்தான் பெரிது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வாசனை போகாத திறந்த மினி லாரி. வேட்பாளரின் ஜீப்புக்கு முன்னால் அது போகும். நாங்கள் ஜீப்பைப் பார்த்தபடி பின்பக்கம் திரும்பி நிற்போம். அதனால் எந்த ஊருக்குள்ளும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நுழைந்திருக்கிறேன். பலாப்பழம் மணந்தால் முத்தாண்டிக்குப்பம், கண்ணில் கரித்தூள் விழுந்தால் நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்.

வேனில் இடம் கொடுப்பவர் கட்சிப் பொறுப்பாளர். அவருக்கு என்னைப் பிடித்துப்போய், டிரைவர் கேபினை ஒட்டி நிற்கச் சொன்னார். "ஆரத்தி எடுக்கறவங்கள பாத்தா கூரைல ஒரு தட்டு தட்டுங்க, நிப்பான். ரெண்டு தட்டுனா கெளம்பிடுவான்."

ஒரு வேட்பாளரையே நிறுத்தவும் நகர்த்தவும் என் கை போதும்! மூன்று நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள், சுரங்கத்தை ஒட்டிய ஒரு தெருவில் ஓர் அம்மா தாம்பாளத்தோடு நின்றார். ஒரு தட்டு தட்டினேன். ஜீப் அவரருகே நின்றது. தாம்பாளத்தில் கற்பூரம் இல்லை, மடித்த மனு இருந்தது.

"போன எலெக்‌ஷன்ல ஒங்க ஆளுங்கதாங்க சொன்னாங்க, சொரங்கத்துக்கு வூட்ட வுட்டுக்குடுத்தா பையனுக்கு பர்மனென்ட் வேலன்னு. வூட்ட அளந்துகினு போயிட்டாங்க. அவன் இன்னும் காண்ட்ராக்டுலதான் ஓடிகினு இருக்கான். எப்பங்க?"

வேட்பாளர் கும்பிட்ட கையை இறக்காமல் சிரித்தார். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, இத போட்டோ புடிச்சி பேப்பர்ல போடுங்க. கேட்டேன்னு இருக்கட்டும்."

கேமரா கழுத்தில் தொங்கியது. கை கூரைமேல் இருந்தது. நாளைக்கும் வேனில் இடம் வேண்டுமே என்றுதான் நினைத்தேன். இரண்டு தட்டினேன்.

பின்பக்கம் பார்த்து நின்றவனல்லவா, தெரு முனைவரை அந்த அம்மா தெரிந்தார். தாம்பாளத்தை இறக்கவே இல்லை. அப்போதாவது எடுத்திருக்கலாம். மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது: வேறு தெரு, வேறு ஆரத்தி.

இப்போது பிரஸ் வேன் கிடையாது. பத்திரிகைக்காரர்களைத் தடுப்புக்கு அப்பாலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதைத் திட்ட வாயெடுத்தால் வெட்கமாக இருக்கிறது. பையனுக்கு வேலை கிடைத்ததா, தெரியவில்லை. அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போய் நின்றேன். தெரு இருந்த இடத்தில் சுரங்கப் பள்ளம். நான் எடுத்திருந்தால், அங்கே ஒருவர் நின்று கேட்டார் என்பதற்கு ஒரே ஒரு படம் இருந்திருக்கும்.