சமுத்திரம் இல்லாமல் போனால்

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அம்முலுவுக்கு இருப்பே கொள்ளவில்லை. போதகர் ஐயா தன் பாட்டுக்கு வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பழைய வானம் போய்விடுமாம், பழைய பூமி போய்விடுமாம், எல்லாம் புதுசாகுமாம், சமுத்திரம் என்று ஒன்று இனி இருக்கவே இருக்காதாம். சபை மொத்தமும் ஆமென் சொன்னது. இவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எப்படித் திறப்பாள்? அவள் புருஷன் முனியன் பாலாற்று வெள்ளத்தோடு போனவன். ஞானஸ்நானப் பேர் சாமுவேல், அது சர்ச்சோடு சரி. திருமுக்கூடல் பக்கம் கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பும்போது, தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, இறங்காதே என்று நாலு பேர் சொல்லியும் இறங்கினான். பிடிவாதக்காரன்! தேடப் போனவர்கள் சலித்துப்போய், ஆறு கடலில் கொண்டு சேர்த்திருக்கும் என்று கையை விரித்துவிட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு அவரவர் தங்கள் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அம்முலு தன் மெழுகுவத்தியை யாரோ ஒருத்தர் கல்லறை ஓரமாக வைத்துவிட்டு வருவாள். கடலை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் இருக்கிற இடம் அதுதான் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள். இப்போது அதுவும் இருக்காது என்றால் அவன் கதி என்ன?

வாரம் முழுக்க இதே பேஜார். நடவுக்கு இறங்கினால் நாற்று கோணல்மாணலாகப் போகிறது. ஐயா பிரசங்கத்தைக் காது கொடுத்துக் கேட்டது ஊரிலேயே நீ ஒருத்திதான் என்று பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த தேவயானி கிண்டல் செய்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோறும் இறங்கவில்லை. சனிக்கிழமை வேலை விட்டதும் சேற்றுக்காலோடு ஐயா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ஐயா நல்ல மனுஷர். உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். அங்கே சமுத்திரம் என்பது நிஜக் கடல் இல்லை, மனுஷரை மிரட்டுகிற பயத்துக்கும் அழிவுக்கும் அது ஓர் அடையாளம் என்றார்.

"ஒங்களுக்கு அது அடையாளம்ங்க ஐயா," என்றாள் அம்முலு. "எனக்கு அதுல ஆளு கீது."

ஐயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வேதாகமத்தை எடுத்து முந்தின அதிகாரத்துக்குத் திருப்பினார். கடல் இல்லாமல் போவது அப்புறம்தான், அதற்கு முன்னாலேயே தன்னிடம் இருக்கிற செத்தவர்களை எல்லாம் அது திருப்பிக் கொடுத்துவிடும், ஒருத்தரையும் வைத்துக்கொள்ளாது என்று விரலை வைத்துக் காட்டிச் சொன்னார்.

அம்முலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"எந்தக் கரையில வுடும்னு போட்டுகீதா?"

"அது போடலியேம்மா."

"பரவால்ல. வுட்டா போதும். நான் தேடிக்கிறேன்."