பொம்மைக்காய்ப் பந்தல்

பெங்களூரில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்த என் அண்ணன், ஒருமுறை என்னைப் பார்க்க வந்தபோது காகிதத்தில் மடித்து ஒரு பிடி விதை கொண்டுவந்தான். சுரை ஜாதிதான், ஆனால் தின்ன ஆகாது. சும்மா பார்த்து ரசிப்பதற்கு மட்டும்தானாம். குடிதண்ணீருக்கே கிணற்றடியில் குடுமிப்பிடிச் சண்டை நடக்கிற தர்மபுரிச் சீமையில், அதுவும் மழை பொய்த்த அந்த எண்பதுகளில், அழகுக்கென்று ஒரு காய்! அவனுக்குக் கிறுக்கு என்றால் எனக்கு அதைவிடக் கிறுக்கு. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், அழுக்குத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஊன்றிவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம் அது. செவ்வாய் தவறாமல் அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. நான் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "மலடி கை பட்ட மண்ணு. மொளைக்குதான்னு பாரு."

முளைத்தது. முளைத்ததா, பந்தலே தாங்காமல் காய்த்துக் கொட்டியது! மஞ்சளில் பச்சை வரி போட்டது, கழுத்து வளைந்தது, உடம்பெல்லாம் மரு வைத்தது என்று விதவிதமாய்த் தொங்கின. பொம்மைக்காய் என்று நாங்களே பெயர் வைத்தோம். தெருவே வந்து பார்த்தது. எங்கள் பக்கத்தில் பிஞ்சைச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டக் கூடாது. காட்டினால் வெம்பி உதிர்ந்துவிடும் என்பார்கள். விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். யாராவது மறந்து விரலை நீட்டினால் மாமியார் ஓடிவந்து தட்டிவிடுவாள். "எங்க வூட்டுப் பந்தலுங்க, கண்ணு வெக்காதீங்க" என்பாள். ஊன்றும்போது மலடி மண், காய்த்த பிறகு அவள் வீட்டுப் பந்தல். நல்லா இருக்கிறதே நியாயம்!

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு வளைகாப்பு வைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவள், நல்ல பெண். "அக்கா, நீங்களும் எனக்கு வளையல் போடணுங்க" என்று அவளே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். நான் அதற்காகவே தர்மபுரிக்கு பஸ் ஏறிப்போய்ப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிவந்தேன். அவள் கையில் ஒரு ஜோடி வளையல் போட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அன்று காலையில் மாமியார் பந்தலிலிருந்த நல்ல காயாகப் பார்த்துப் பறித்தாள். சீர்த்தட்டில் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் நடுவே அழகாய் அடுக்கினாள். எனக்கு மனசு நிறைந்துபோனது, மடச்சி! முறை வந்தது என்று வளையலோடு எழுந்தேன். சபை முழுக்கப் பார்க்க, மாமியார் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போயி சோத்துப் பானையப் பாரு."

யாரோ ஒரு அம்மாள், பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, தட்டைக் காட்டிக் கேட்டாள்: "என்னாங்க இது, இவ்ளோ அழகா இருக்குது! யாரு நட்டது?"

"யாரும் நடலீங்க. தானா மொளைச்சது" என்றாள் மாமியார்.

என் காய் சபையில் உட்காரலாம், என் கை ஆகாது. கொழுந்தன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் வாயில் கொழுக்கட்டையோடு வாசலில் நின்றார். நான் நேரே கொல்லைக்குப் போனேன். சுட்டுவிரலை நீட்டினேன். ஒரு பிஞ்சு விடாமல் குறிபார்த்துக் காட்டினேன். "உதிர்ந்து தொலைங்க, எல்லாம் உதிர்ந்து தொலைங்க!" கரண்டி தேடி வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, வவுறெரிஞ்சி கெடுக்கறாளே!" என்று கூச்சல் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பந்தலடியில் நின்றாள். இலையை விலக்கி விலக்கி ஒவ்வொரு பிஞ்சாகத் தடவிப் பார்த்தாள். அந்த வீட்டில் என்னை ஒருநாளும் அப்படி யாரும் தொட்டதில்லை. அடுத்த நாளும் பார்த்தாள், அதற்கடுத்த நாளும் பார்த்தாள். ஒன்றுகூட உதிரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"கெடுக்கறதுக்குக்கூட உன் கைக்குத் துப்பு இல்ல."

"அப்புறம் எதுக்குங்க அத்தே, அன்னிக்கு இந்தக் கையப் புடிச்சி நிறுத்தினீங்க?"

அவிழ்ந்து தொங்கிய கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "நாலு பேரு வந்த எடத்துல நாலு பேரு சொல்றதத்தான செய்யணும்? மத்தபடி இதெல்லாம் நெசம்னு நானு நம்பறேன்னா நெனச்ச?"

நம்பித்தான் தடுத்தாள் என்றிருந்தால், கிழவிக்கு அறிவு அவ்வளவுதான் என்று விட்டிருப்பேன். அவள் செத்து மண்ணில் வைத்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை.