வீட்டில் பேசிக்கொண்டிருந்த ரேடியோ

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவர்கிட்ட பேசிட்டே இருங்க. காதுல விழ விழத்தான் வாய்க்கு வரும்." யோசனை நல்ல யோசனைதான். ஆனால் காலை ஏழு மணிக்கு மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினேன் என்றால், நாளெல்லாம் ஷூவின் மேல்தோலை, அப்பர் என்பார்கள், தைத்துவிட்டு வீடு திரும்ப இருட்டிவிடும். யார் உட்கார்ந்து பேசுவது? ஒரு ரேடியோ வாங்கி அவர் கட்டிலை ஒட்டின ஜன்னலில் வைத்து, பிளக்கில் மாட்டினேன். பாட்டுப் போடுகிற எஃப்எம் எல்லாம் வேண்டாம் என்று, நாள் முழுக்கப் பேசுகிற அரசாங்க ஸ்டேஷனில் முள்ளை நிறுத்தினேன். என் வேலையை அதன் தலையில் கட்டிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

காலையில் செய்தி. அது முடிந்தால் யாராவது ஒரு டாக்டர் சர்க்கரை நோயைப் பற்றி எழுதி வைத்துக்கொண்டு படிப்பார். பத்தரைக்கு மேல் விவசாயம். மதியம் டில்லியிலிருந்து மறுபடியும் செய்தி. சாயங்காலம் பேட்டியோ நாடகமோ வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கேட்டுக் கேட்டு எது எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடம். எல்லாரும் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிற மாதிரி பேசுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா மதியம் வந்து அவருக்குச் சோறு ஊட்டுவாள். வீட்டில் உருது, வெளியே தமிழ் அவளுக்கு. "இவ்ளோ ஜாஸ்தி பேசுதே, இதுக்கு வாய் வலிக்காதா?" என்று ரேடியோவைக் கேட்பாளாம்.

அவர் தோல் பதனிடுகிற டேனரியில் டிரம்மில் தோல் ஏற்றி இறக்கினவர். இன்னா, பேஜாரு, கம்மி என்று பேசிப் பழகின வாய். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னாமே" என்பார். கோபத்திலும் மே, கொஞ்சலிலும் மே. பேச்சு திரும்பினால் முதலில் அதுதான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக அந்த ஓர் எழுத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத் துணியைப் பின்பக்கம் கல்லில் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். துணி அடிக்கிற சத்தத்தில் ரேடியோ எப்போதுமே விட்டுவிட்டுத்தான் காதில் விழும். சோப்புப் போட நிறுத்தினபோது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் "தண்ணீர்" என்றது. கடைசி எழுத்துக்கூடத் தேயவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீர் என்று சொல்வதில்லை, தண்ணிதான். விவசாய நிகழ்ச்சி ஓடுகிறது என்று நினைத்தேன். போன வாரம்கூடச் சொட்டுநீர்ப் பாசனம் பற்றித்தான் பேசினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், இன்னும் மெதுவாக, "தண்ணீர்."

எனக்குக் கேலி பொத்துக்கொண்டு வந்தது.

"தண்ணியா? காஞ்சு கெடக்குற பாலாத்துல போய்க் கேளு" என்று உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். பிறகு அந்தக் குரல் வரவில்லை.

துணியைக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், ஸ்டூலில் வைத்திருந்த சொம்பு கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் ஈரம். இடது கையால் எட்டியிருக்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது. "கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா? நான் இன்னா ஊருக்கா போய்ட்டேன்?" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"உன் வூட்லயும் கரண்டு இல்லியா? பத்து மணிக்குப் போனது இன்னும் வர்ல. மிக்சி ஓடாம பேஜாரா கீது."

ஜன்னலைப் பார்த்தேன். ரேடியோவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. தலைக்கு மேல் ஃபேன் நின்றிருந்தது. பத்து மணியிலிருந்து அந்த வீட்டில் அவர் குரலைத் தவிர வேறு குரல் இல்லை.

அவள் போனதும் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரையும் நிறுத்தாமல் குடித்தார். அத்தனை தாகம். "நீங்கதான் கேட்டீங்களா? இன்னொரு வாட்டி சொல்லுங்க. ஒரே ஒரு வாட்டி" என்று அழுதேன். கண்ணை மூடிக்கொண்டார். எட்டு மாதம் அவர் காதில் நான் போட்டது ரேடியோக்காரர்களுடைய தமிழ். அதிலேதான் அவருக்கு வாய் வந்திருக்கிறது. நானோ எங்கள் வீட்டுப் பேச்சை எதிர்பார்த்துக்கொண்டு, வந்தது யாருடைய குரல் என்றுகூடப் பார்க்காமல் இருந்துவிட்டேன். கட்டின புருஷனின் குரலே எனக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண் ஃபைலைத் திறந்துகொண்டு, "வீட்ல ஏதாவது வார்த்தை சொன்னாரா? அரைகுறையா இருந்தாலும் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் மேற்கொண்டு பயிற்சி குடுக்கணும்" என்றாள். அவர் வீல்சேரில் என் பக்கத்தில்தான் இருந்தார். சொன்னார் என்று சொன்னால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அடுத்தபடி கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் பயந்துவிட்டேன்.

"இல்ல மேடம். ஒன்னும் சொல்லல" என்றேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் உயிரோடு இருந்தார். தாகமெடுத்தால் இடது கையால் கட்டிலைத் தட்டுவார்.