வலப்பக்கத்துச் சந்துக்கு வழி விடுதல்

ஜெர்மனிக்கு வந்த புதிதில், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதருக்குப் பின்னால் மிக மரியாதையாக ஒருமுறை ஹாரன் அடித்தேன். நம் ஊரில் அதற்கு அர்த்தம் 'பின்னால் நான் வருகிறேன், மிரளாதீர்கள்' என்பதுதான். அவர் சைக்கிளை ஓரங்கட்டினார், ஸ்டாண்டு போட்டார், ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு என் ஜன்னலருகே வந்தார். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் வருவதைத் தெரிவித்தேன் என்றேன். "நீங்கள் வருவது எனக்குத் தெரியுமே. உங்களுக்கு ஏன் அதில் சந்தேகம்?" என்றார். கிண்டலா, அக்கறையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றோடு ஹாரன் மேல் கை வைப்பதை விட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் ஹாரன் இல்லாமல் வண்டியை நகர்த்தவே முடியாது. இங்கே வாரம் முழுக்க ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்காமல் இருந்துவிடலாம். முதல் மாதம் காதில் ஏதோ அடைப்பு என்று நினைத்து நானே என்னைப் பரிசோதித்துக்கொண்டேன். நர்ஸாக இருப்பதில் அது ஒரு வசதி.

என் பெயர் எஸ்தர். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அதிலிருந்து வெளியேறி ஸ்டியரிங் பிடித்தவர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மூன்று சக்கர வண்டி இல்லை, பின்னால் எதிரெதிரே பெஞ்சு போட்ட சின்ன வேன். நான் நர்சிங் முடித்து கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருந்தேன். விரல் நசுங்கியவர்கள், உலைச் சூட்டில் மயங்கியவர்கள், லீவு வேண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. இப்போது தெற்கு ஜெர்மனியில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனிக்கும் நிலையத்தில் வேலை. காலையில் நிலையத்தின் சின்ன வெள்ளைக் காரை எடுத்தால் ஒரு வீட்டில் இன்சுலின், அடுத்த வீட்டில் கால் புண்ணுக்குக் கட்டு, அதற்கடுத்த வீட்டில் குளியல். இந்தச் சுற்றை இங்கே 'டூர்' என்கிறார்கள். நான் தினமும் டூர் போவதாக அம்மா சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

திருவள்ளூரில் வாங்கிய என் லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் இவர்கள் பரீட்சையில் தேறி ஜெர்மன் லைசென்ஸ் வாங்க வேண்டும். கார் ஓட்ட முடியாதவரை வைத்து டூர் நடத்த முடியாது என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் விசா இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குக் கவலையே இல்லை. ஊத்துக்கோட்டை பஜாரில் ஓட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு ரோடா என்ற மிதப்பு.

என் மிதப்புக்குக் காரணம் நைனாதான். கோடையில் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பொண்ணுக்கு எதுக்கு ஸ்டியரிங்கு என்று கேட்டவர்களிடம், "வண்டிக்கு இன்னாபா தெரியும், ஓட்றது ஆம்பளயா பொம்பளயான்னு" என்று சொல்லிவிட்டு அடுத்த கியரைப் போடச் சொன்னார். அப்புறம் ஒருநாள் நேராக பஜார் நாற்சந்தியிலேயே வண்டியோடு என்னை இறக்கிவிட்டார். ஆந்திராவிலிருந்து வரும் பஸ், நெல் மூட்டை டிராக்டர், டூவீலர், மாடு எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. நைனா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வண்டிய பாக்காத. ஓட்றவன் கண்ண பாரு. கண்ண பாத்து கைய காட்டு. அவன் போவான், இல்ல உன்ன போவச் சொல்லுவான்." மாட்டுக்கு மட்டும் இது பொருந்தாது.

முதல் பரீட்சை. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் ஹெர் ப்ராண்ட், அதாவது திரு. ப்ராண்ட், அவர் காலடியிலும் ஒரு பிரேக். பின் இருக்கையில் பரீட்சை அதிகாரி. ஒரு சந்திப்பில் நேராகப் போக வேண்டியிருந்தது. நம் வழக்கப்படி நாலு பக்கமும் மஞ்சள் விளக்கை மினுக்கினேன். அதிகாரி அமைதியாக, "வண்டியில் என்ன கோளாறு?" என்றார். கோளாறு இல்லை, நேராகப் போகப்போகிறேன் என்றேன். "நேராகப் போவதற்கு நேராகப் போனால் போதும்" என்றார். அந்தக் குழப்பத்திலேயே அடுத்த தெருவில் நுழைந்தேன். வலப்பக்கம் ஒரு சந்து. ஆட்டுக்குட்டிகூட யோசித்துத்தான் நுழையும். அதிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டியது. நான் பெரிய தெருவில் போகிறவள், அது நிற்கும் என்று போனேன். ஹெர் ப்ராண்ட் பிரேக்கை மிதித்தார். பயிற்சியாளர் கால் பிரேக்கில் பட்டால் பரீட்சை அத்தோடு முடிந்தது.

'ரெஹ்ட்ஸ் ஃபோர் லிங்ஸ்' என்று இவர்களிடம் ஒரு விதி. பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. அவர் சந்திலிருந்து வந்தாலும் சரி, ஓட்டை வண்டியில் வந்தாலும் சரி. இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். என் கால்தான் படிக்கவில்லை. நம் ஊரில் பெரிய ரோட்டில் போகிறவன் பெரியவன். இரண்டும் ஒரே ரோடு என்றால் பெரிய வண்டிக்காரன் பெரியவன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, பிறக்கும்போதே உடம்பில் இருக்கிறது. அன்று இரவுதான் யோசித்துப் பார்த்தேன். இத்தனை மாதமும் ஒவ்வொரு சந்து முனையிலும் வண்டிகள் எனக்காக நின்றன. என்ன மரியாதை தெரிந்த ஜனங்கள் என்று எல்லோருக்கும் கையசைத்துச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன். அவர்களின் வழியைத்தான் நான் தினமும் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாவது பரீட்சையில் சந்து சந்தாகக் குனிந்து பார்த்து வழி விட்டேன். ஆனால் தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தேனே தவிர, கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை. 'ஷூல்ட்டர்ப்ளிக்' என்று அதற்குப் பெயர். கண்ணாடியில் தெரியாத மூலையில் ஒரு சைக்கிள் இருந்தது. ஹெர் ப்ராண்டின் கால் மறுபடி பிரேக்குக்குப் போனது.

நைனாவுக்குப் போன் போட்டேன். "இன்னாமா, மறுக்கா ஃபெயிலா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "முன்னாடி பாத்து ஓட்றதே பேஜாரு. பின்னாடி வேற திரும்பிப் பாக்கணுமா? ஹாரனும் இல்ல, எப்டிமா ஓட்றானுங்கோ?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்று அழுகை வந்தது. "ஊருக்கு வந்துடறதா இருந்தா வா. ஊடு அப்படியேதான் கீது. ஆனா தோத்துட்டு வராத, சலிச்சுப் போய் வா" என்றார். சலிக்கவில்லை என்றுதான் பட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்த வெள்ளைக் கார், மலையோரத்து அந்த வீடுகள், கதவைத் திறந்ததும் என் பெயரைத் தப்பாகச் சொல்லி வரவேற்கும் அந்தக் கிழங்கள். போக மனசே இல்லை.

மூன்றாவது பரீட்சைக்கு முந்தின நாள், என் டூரில் உள்ள, எண்பதைத் தாண்டிய ஃப்ராவ் வெபர் என்ற பாட்டிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். நாளைக்குப் பரீட்சை, இதுவும் போனால் இனி வர மாட்டேன் என்றேன். அவர் கட்டைவிரல்களை உள்ளே மடக்கி இரண்டு கைகளையும் இறுக மூடி என் முன்னால் நீட்டினார். விரல் பிடித்துக்கொண்டது என்று பதறி, தைலத்தை எடுத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அவரோ பிரிக்கப் பிரிக்க மறுபடி மூடினார். நான் மறுபடி பிரித்தேன். கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஒருவருக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால் இங்கே கட்டைவிரலை இப்படி அழுத்திப் பிடித்துக்கொள்வார்களாம். தேய்த்ததும் நன்றாகத்தான் இருந்தது, நிறுத்த வேண்டாம் என்றார்.

மறுநாள் கழுத்தை நன்றாகத் திருப்பினேன், சந்துகளுக்கெல்லாம் நின்றேன். கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் வீடுகளுக்கு நடுவே ஒரு நாற்சந்தி. பலகை இல்லை. நான் போய் நின்ற அதே நேரத்தில் இடப்பக்கம் ஒரு பெரியவரின் சின்னக் கார், எதிரே ரொட்டி வேன், வலப்பக்கம் டிராக்டர். நான் டிராக்டருக்கு வழி விட வேண்டும். டிராக்டர் ரொட்டி வேனுக்கு, ரொட்டி வேன் பெரியவருக்கு, பெரியவர் எனக்கு. எல்லோருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருக்கிறார். ஆகவே நாலு பேரும் நின்றோம். நாலு பேரும் விதிக்குக் கட்டுப்பட்ட நல்லவர்கள், அதுதான் சங்கடம். ஒருவரும் அசையவில்லை. ஹெர் ப்ராண்ட் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு எதுவும் சொல்லக் கூடாது.

எனக்கோ அந்தக் காட்சியைப் பார்த்ததும் உயிரே வந்தது. வண்டிகள் மறைந்து நாலு முகங்கள் தெரிந்தன. என் வழியை நானே விட்டுக்கொடுத்தேன்: இடப்பக்கத்துப் பெரியவரின் கண்ணைப் பிடித்து, உள்ளங்கையை ஏந்தி, போங்கள் என்று காட்டினேன். அவர் தயங்கினார். தலையை ஆட்டி மறுபடி காட்டினேன், போனார். ரொட்டி வேன்காரர் என்னைப் பார்த்தார்; கண்ணாலேயே அனுப்பினேன். டிராக்டர்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். கடைசியாக நான். கைகாட்டியதற்காகவே ஃபெயில் ஆக்கிவிடுவாரோ என்று முதுகு வேர்த்தது. அதிகாரி, இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்துப் பேசித் தீர்க்க வேண்டும் என்பதும் விதிதான் என்றார். பிறகு, "எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார்.

"ஊத்துக்கோட்டை."

"அது ஓட்டுநர் பள்ளியா?"

ஒரு நொடி யோசித்தேன். "ஆமாம். நல்ல பள்ளி" என்றேன்.

தேறிவிட்டேன். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. நிறுத்துமிடத்தில் ஹெர் ப்ராண்டின் கையைக் குலுக்கிய குலுக்கலில் அவர் கண்ணாடி கீழே விழுந்தது. ஃப்ராவ் வெபர் வீட்டுக்கு ஓடினேன். செய்தியைச் சொன்னபிறகுதான் அவர் விரல்களை மெதுவாகப் பிரித்தார்.

மறுநாள் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரு பெண் புது அட்டையை மேசையில் வைத்தார், ஆனால் விரலை அதன்மேலிருந்து எடுக்கவில்லை. பழைய லைசென்ஸைக் கேட்டார். இதை வாங்க வேண்டுமென்றால் அதைக் கொடுத்துவிட வேண்டுமாம். நகலை எடுத்துக்கொண்டு திருப்பித் தரக் கூடாதா என்று கேட்டேன். கூடாது. திருவள்ளூர் அட்டையைப் பர்ஸிலிருந்து எடுத்து, துப்பட்டாவில் ஒருமுறை துடைத்துவிட்டு நீட்டினேன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒரு பெண் வாங்கிய லைசென்ஸ் அது. நைனாவிடம் சொன்னேன். "போனா போவுது வுடு. அந்தப் போட்டோல நீ நல்லாவே இல்ல" என்றார். ஆனால் அவர் குரல் சரியாக இல்லை.

இந்த மே மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். ஜெர்மன் லைசென்ஸை வைத்து வாங்கிய சர்வதேச அனுமதியும் கையில் இருந்தது. நைனா சவாரியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் வைத்தார். "கும்மிடிப்பூண்டில உன் கம்பெனி கேட் வரிக்கும் நீயே ஓட்டு. நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்." வழியெல்லாம் நான் தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

"கழுத்துல இன்னாமா, சுளுக்கா?"

"ஷூல்ட்டர்ப்ளிக், நைனா."

"ஊட்டுக்குப் போனதும் தைலம் போட்டுக்கோ."

சிப்காட்டை நெருங்கும்போது ஷிஃப்ட் விட்டிருந்தார்கள். ரோட்டோரம் நீலச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண். காலடியில், ரோட்டைத் தாண்டுவதற்காகப் போட்டுத் தேய்ந்துபோன வெள்ளைக் கோடுகள். வண்டியை நிறுத்தினேன். அவள் தாண்டவில்லை; என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். போ என்று கைகாட்டினேன். சந்தேகத்தோடு ஒரு அடி பின்னால் போனாள். பின்னால் ஹாரன்கள் வெடித்தன. ஒருவர் ஓடி வந்து, "இன்னாக்கா, ஆஃப் ஆயிட்ச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆள் சேர்த்துப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார். நான் பிரேக்கை மிதிக்க, அவர்கள் தள்ள, வண்டி ஆடியது.

நைனா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "வண்டிக்கு ஒண்ணும் இல்லபா. எம் பொண்ணுதான் நிறுத்திக்கினு கீது. அந்தம்மா ரோட்ட தாண்ட வோணாமா?"

"அதுக்கா நிறுத்துச்சு?"

"ஜெர்மன்ல லைசென்ஸ் வாங்கிகீதுபா. அங்க நிறுத்தணும்."

சொல்லிவிட்டு ரோட்டின் நடுவுக்கே போனார். எதிரே கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்த்துக் கையைத் தூக்கினார். லாரி மூச்சுவிட்டு நின்றது. நீலச் சீருடைக்காரி தாண்டினாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி, அவள் பின்னால் நாலு பேர், அப்புறம் டிபன் பையும் கையுமாக மொத்த ஷிஃப்டும் தாண்ட ஆரம்பித்தது. லாரிக்காரர் தலையை நீட்டி, "யோவ் பெர்சு, இன்னா ஊர்வலமா?" என்றார். நைனா அசையவில்லை. என் பரீட்சை விதியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நடு ரோட்டில் நின்றார். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

கடைசி ஆள் தாண்டியதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ம், எடு." வலப்பக்கம் திரும்பிப் பார்த்து, இண்டிகேட்டருக்கு இடக்கையைத் தட்டினேன். ஜெர்மனியில் இண்டிகேட்டர் இடப்பக்கம். நைனா வண்டியில் அந்த இடத்தில் இருப்பது வைப்பர். கொளுத்தும் வெயிலில், காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று அது ஆட ஆரம்பித்தது.

"மழ எங்கமா பெய்யுது?" என்றார் நைனா.

அடுத்த வாரம் ஃப்ராவ் வெபர் வீட்டுத் திருப்பத்தில் இதே தப்பை வலக்கை செய்யும். அங்கேயும் மழையில்லாமல் கண்ணாடி துடைக்கும். துடைக்கட்டும் என்று அதை நிறுத்தாமலே கியரைப் போட்டு, நைனாவோடு கம்பெனி கேட்டுக்குள் திரும்பினேன்.